வழக்கறிஞர்களுக்கு நியாயமான புள்ளி கோரி நான்காவது மனு

ஹாங்காங், பிப்ரவரி 1991

பெறுநர்: பிரிட்டிஷ் குடியுரிமைத் தேர்வுத் திட்டப் பொறுப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: சட்டத் தொழிலில் இருப்போரின் புள்ளிகளை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டிசம்பரில் இரண்டு, சென்ற மாதம் ஒன்று என மூன்று கடிதங்கள் அனுப்பினோம். 'பெறப்பட்டது' என்று அச்சடித்த சீட்டு ஒன்றுதான் வந்தது. ஆகவே மீண்டும் தங்கள் மேலான கவனத்திற்கு:

1. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் போவதற்கு முன் ஆட்கள் வெளியேறாமல் இருக்க, 50,000 குடும்பத் தலைவர்களுக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை தரும் திட்டம் இது. ஆள் தேர்வுக்கு 800 புள்ளி அளவுகோல். அதில் வயதுக்கு 200, அனுபவத்துக்கு 150. இதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

2. ஆங்கிலத்துக்கு உச்சமே 50. மாவட்ட நீதிமன்றத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாதாடிப் பிழைப்பவருக்கும் அவ்வளவுதான். போகட்டும்.

3. எங்களை வாட்டுவது இதுதான். எந்தத் தொழிலில் எத்தனை பேர் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று பார்த்து இடம் பிரிக்கிறீர்கள். கணினிக்காரர் எங்கே போனாலும் அதே கணினிதான். எங்கள் சட்டம் அப்படியா? சட்டப் பட்டம், அதன்மேல் பிசிஎல்எல் என்ற தொழிற்சான்றிதழ்ப் படிப்பு, பிறகு சட்ட அலுவலகத்தில் ஆர்ட்டிக்கிள்ஸ் என்ற இரண்டு ஆண்டுப் பயிற்சி. இத்தனையும் முடித்துப் பத்து வருடம் பத்திரம் எழுதிய என் நண்பர் வான்கூவர் போனார். இப்போது இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி சட்டம் படிக்கிறார். மாலையில் ஒரு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறார். இதைப் பார்த்துதான் மற்றவர்கள் கிளம்பாமல் இருக்கிறார்கள். கிளம்ப மனமில்லாமல் அல்ல ஐயா, போனால் சோறு கிடைக்காது என்று! ஓடாமல் நின்றவனுக்கு இடம் குறைவு என்றால் இது என்ன கணக்கு? ஆட்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்குத்தானே திட்டமே? 1997-க்குப் பிறகும் இங்குள்ள சட்டமுறை 50 ஆண்டு மாறாது என்று சீனாவோடு சேர்ந்து 1984 கூட்டுப் பிரகடனத்தில் எழுதினீர்கள். சட்டப் புத்தகம் தானாக எழுந்து நீதிமன்றத்துக்கு நடந்து வருமா? சென்ட்ரல் வட்டாரத்தில் டிராமை விட்டு இறங்கி எந்த சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகத்திலும் ஏறிப் பாருங்கள். தாங்கள் அறியாத இடமல்ல. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வழக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை, விண்ணப்பப் படிவத்தைப் பற்றித்தான் பேச்சு.

4. என்னைப் போல இங்கேயே பிறந்த இந்திய வம்சாவளியினரின் பாடு தனி. அதற்கு வேறு மனு எழுதுகிறேன்.

5. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பிப்ரவரி 28. அதற்குள் பதில் வேண்டும். சலுகை கேட்கவில்லை, எங்கள் தொழிலின் தன்மையைப் பார்த்துப் புள்ளி போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். தயவுசெய்து இந்த முறை சீட்டு அனுப்ப வேண்டாம், பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சொலிசிட்டர்கள் சிலர்