கயல்விழிக்கு, திருத்துறைப்பூண்டியிலிருந்து அப்பா

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். சம்பா நடவு முடிந்தது; களையெடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"கலவரத்தைத் தூண்டும் கட்சியின் பத்திரிகையைத் தடை செய்தால் என்ன தப்பு அப்பா?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. சட்டம் படிக்கும் நீ கேட்கலாம். ஆனால் யார் வீட்டுப் பெண் என்பதையும் நினைத்துப் பார்.

உன் கொள்ளுத்தாத்தா பண்ணையாள். சாட்டையடியும், தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலும் அவருக்குக் கதையல்ல. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்து விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான் அவர் துண்டைத் தோளில் போட்டார். 1948இல் கம்யூனிஸ்ட்டுகள் மீதான வேட்டை தொடங்கியது. கொள்ளுப்பாட்டி சங்கத்தின் துண்டறிக்கைகளை அடுக்குப் பானையின் அடியில் வைத்து மேலே தவிட்டைக் கொட்டி மறைத்தார். சோதனைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு பானையாக உடைத்தார்கள். கூலி நெல்லைச் சரியான மரக்காலில் அளக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தாளில் இருந்தது. அதை வைத்திருந்ததற்காகக் கொள்ளுத்தாத்தாவை அழைத்துப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அவர்.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதே மாதம் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? எந்தக் காரணத்துக்காகத் தன்னை அடைத்தார்கள் என்பதைக் கைதி நீதிமன்றத்திடம் சொல்வதே குற்றம்! அந்தச் சட்டத்தில் அடைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டும் ரத்து செய்தது. சட்டம் நின்றது, அவரும் உள்ளேயே இருந்தார்.

பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை மாகாணத்துக்குள் நுழையவே 1950 மார்ச்சில் தடை போட்டார்கள். அதற்கு உதவிய 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொது அமைதி என்ற காரணத்தையே சொன்னது. அப்படி ஒரு காரணத்துக்குள் யாரைத்தான் அடைக்க முடியாது? தில்லியில் கம்யூனிஸ்ட்டுகளுக்கு நேர் எதிரான 'ஆர்கனைசர்' இதழையும் இதே மாதிரி ஒரு சட்டத்தால் முன்தணிக்கைக்கு உட்படுத்தினார்கள். இரண்டு வழக்கிலும் ஒரே நாளில், மே 26 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்பு எழுதினார்.

அந்த வெற்றி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நின்றது என்பதுதான் என் ஆற்றாமை. 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்பதைப் பேச்சுரிமைக்கான வரம்புகளில் சேர்த்துவிட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தந்ததும் அதே திருத்தம்தான். நிலத்துக்காக நின்ற குடும்பம் அதைக் குறை சொல்லலாமா என்று நீ மடக்குவாய். சொல்லலாம் அம்மா. நிலத்தைக் காக்கப் பேச்சைக் குறுக்க வேண்டிய தேவை எங்கே இருந்தது? வரம்பு நியாயமானதாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள், நல்லது. ஆனால் அது நியாயமா என்று நீதிமன்றம் சொல்லி முடிக்கும்வரை உள்ளே கிடப்பவன் வீட்டில் யார் உலை வைப்பது?

கோபாலன் தீர்ப்பையும் தாப்பர் தீர்ப்பையும் இந்த விடுமுறையில் முழுதாகப் படி. அதன் பிறகும் உன் கருத்து மாறாவிட்டால் ஏன் என்று எழுது. போனில் வேண்டாம், கடிதமாகவே எழுது.

அன்புடன்,
அப்பா