எங்கேயும் நிற்காத மெஷின்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. நடுவில் "உயிரோடு இருக்கிறாயா?" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதற்கும் நான் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பர் படிக்கிறார். நம் கூட்டாளி மொட்டையைப் போன மாதம் பார்த்தேன். மூணாவது பெஞ்ச் விவகாரத்தை அவன் இன்னும் விடவில்லை. உன்னைத்தான் முதல் குற்றவாளி என்கிறான், நானும் மறுக்கவில்லை.

நீ கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: "பதினெட்டு மெஷின் வருகிறது, ஹார்ட் டிஸ்க் கிடையாது. தின் க்ளையண்டா போடவா, ஃபேட் க்ளையண்டா?" இரண்டு வரியில் முடித்திருக்கலாம். எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் என் லேபில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் உனக்கு யோசனை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபேட் க்ளையண்டே போடு. எல்லாமே சர்வரில் ஓடி, படம் மட்டும் கம்பி வழியாக வருகிற பழைய தின் க்ளையண்ட் ஏற்பாடு பிரவுசருக்கும் வீடியோவுக்கும் தாங்காது. ஃபேட் க்ளையண்டில் சர்வர் இமேஜையும் (முழு இயங்குதளமும் அடங்கிய கோப்பு) கோப்புகளையும் கொடுப்பதோடு சரி. ஓடுவதெல்லாம் அந்தந்த மெஷினின் ப்ராசஸரிலும் ரேமிலும்தான். என்னிடம் இருப்பது 26. காலையில் எல்லாவற்றையும் சேர்ந்தாற்போல் போடும்போதுதான் சர்வர் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதன் பிறகு நாள் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். டிஸ்க் இல்லாத மெஷின்களை நெட்வொர்க் வழியாக எழுப்பும் லினக்ஸ் மென்பொருளான எல்டிஎஸ்பியின் புதிய பதிப்பையே எடு. 2019-ல் அடியோடு திரும்ப எழுதினார்கள். பழைய ஐந்தாம் பதிப்புக்கான குறிப்புகள் இன்னும் எங்கு தேடினாலும் முன்னால் வந்து நிற்கும். அதைப் பார்த்துக் கட்டளை அடித்தால் ஒன்றும் பொருந்தாது, குழம்பிப் போவாய்.

இனி நடந்த கதை.

பெரியவர் ஞாபகம் இருக்கிறதா? எந்தக் கோளாறைச் சொல்லிக்கொண்டு போனாலும் தலையைத் தூக்காமல் "எங்கேப்பா நின்னுது?" என்பாரே. நீ அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாய். நெட்வொர்க் வழியாக மெஷின் எழும் 'பூட்' வேலைக்கு அதைவிட நல்ல கேள்வி இல்லை. ஒரு மெஷின் எழுந்து லாகின் திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. நெட்வொர்க் கார்டு முகவரி கேட்கிறது, முகவரி வழங்கும் டிஎச்சிபி கொடுக்கிறது, பூட் கோப்பு எது என்று தெரிந்துகொண்டு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் இறக்குகிறது, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அது எழத் தேவையான சிறு தொகுப்பான இனிட்ரட்டும் (இனிட்ராம்எஃப்எஸ் என்பதும் இதுதான்) வருகின்றன, கெர்னல் தன் டிரைவரைப் போட்டுக் கார்டை மறுபடி எழுப்புகிறது, சர்வரிலிருக்கும் இமேஜை மவுண்ட் செய்கிறது, அதாவது தன் அடைவுபோல இணைத்துக்கொள்கிறது, எழுதுவதையெல்லாம் தாங்க ரேமில் ஓவர்லே என்ற தற்காலிக அடுக்கை மேலே விரிக்கிறது, கடைசியில் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் சேமிப்பு சர்வரிலிருந்து வருகிறது. எந்தக் கையில் விழுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பருவத்தின் ஆரம்பத்தில் இரண்டு கோளாறுகள் வந்தன. இரண்டும் அவர் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவை. புதிதாக வந்த நாலு மெஷின்கள் கெர்னல்வரை போய் பிஸிபாக்ஸ் ஷெல் என்ற அவசரக் கட்டளைத் திரையில் விழுந்தன. அங்கே நெட்வொர்க் கார்டுகளைக் காட்டும் 'ஐபி லிங்க்' அடித்தால், மெஷின் தன்னோடு தானே பேசும் லூப்பேக்கைத் தவிர ஒன்றுமே இல்லை. கார்டின் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஏறவே இல்லை. நான் இமேஜ் கட்டுவது மென்பொருளால் ஆன விர்ச்சுவல் மெஷினில். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் (டிரைவர்கள்) என்ற இடத்தில் 'டெப்' என்று இருந்ததால், அது அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறது. 'மோஸ்ட்' என்று மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் இமேஜையும் திரும்பக் கட்டி, கெர்னலை டிஎஃப்டிபி அடைவுக்கு மறுபடி நகல் எடுத்தேன். அந்தக் கடைசி நகலை மட்டும் மறந்துவிடாதே. பழைய கெர்னல் வந்து புதிய இமேஜைத் திறந்தால் மாட்யூல் எதுவும் ஏறாது, கீபோர்டுகூட வேலை செய்யாமல் போகலாம்.

இன்னொன்று ஸ்விட்ச். புது ஸ்விட்சில் செருகிய மெஷின்களெல்லாம் பிஎக்ஸ்இ-இ51 என்று சொல்லிக் கைவிட்டன. டிஎச்சிபியிலிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். சர்வர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. நீ சொல்லிக் கொடுத்த வித்தையைச் செய்தேன்: மெஷினுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் ஸ்விட்சை வைத்தேன். உடனே பூட் ஆனது. கம்பிகளில் வளையம் உண்டாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீதான் காரணம். கேபிளில் உயிர் வந்ததும் போர்ட் 15 நொடி கேட்கும், இன்னொரு 15 நொடி கற்கும், அதுவரை ஒரு பாக்கெட்டையும் விடாது. பயோஸ் அதற்குள் பொறுமை இழந்துவிடுகிறது. அதோடு, டிரைவர் மாறும்போதெல்லாம் லிங்க் ஒரு முறை விழுந்து எழுவதால் அந்த 30 நொடி மறுபடி மறுபடி வரும். க்ளையண்ட் போர்ட்களில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டேன், தீர்ந்தது. உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாவதுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் நாலு மாதம் தள்ளிப்போட்டேனோ என்னவோ.

ஒரு மாணவி. அன்றைக்குத்தான் அவளுக்கு நான் லாகின் கணக்கு உண்டாக்கிக் கொடுத்தேன். வலது வரிசையில் கடைசி மெஷினில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தட்டினாள். பதினொரு பக்கம். அவள் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகளிலிருந்து ஒரு கட்டுரை. சேவ் செய்தாள், மூடித் திறந்து பார்த்தாள், ஷட்டவுன் செய்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து வேறு மெஷினில் லாகின் செய்தால் ஹோம் காலியாக இருக்கிறது. "நான் சேவ் பண்ணேன் சார், திறந்துகூடப் பார்த்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சேமிப்பு சர்வரில் தேடினேன். அவள் பெயரில் அடைவு இருந்தது, உள்ளே ஒரு எழுத்து இல்லை. பேக்கப்பிலும் இல்லை. அவள் சொன்னது பொய்யாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அந்தப் பதினொரு பக்கம் எங்கே எழுதப்பட்டது?

அந்தக் கடைசி மெஷினைப் போட்டுப் பார்த்தேன். அழகாகப் பூட் ஆனது, லாகின் ஆனது, டெஸ்க்டாப் வந்தது. பெரியவரின் கேள்வி மனதில் ஓடியது. எங்கே நின்றது? எங்கேயும் நிற்கவில்லை. எது எங்கிருந்து மவுண்ட் ஆகியிருக்கிறது என்று காட்டும் ஃபைண்ட்மவுண்ட் போட்டு ஹோமைக் கேட்டேன், பதில் ஒரு வரிகூட வரவில்லை. ஹோம் மவுண்ட்டே ஆகவில்லை, டேய். அவள் உட்கார்ந்து எழுதிய அடைவு ரேமில் விரித்த ஓவர்லேயில் இருந்தது. ஷட்டவுன் பொத்தானை அழுத்திய நொடியில் போய்விட்டது. டிஸ்க்கில் அழித்ததைத் தோண்டியாவது பார்க்கலாம், இதில் தோண்ட இடமே கிடையாது.

ஹோம் மவுண்ட் ஆகாதபோது லாகின் எப்படி ஆனது? அதற்குக் காரணம் நான்தான். முன்பு இமேஜைச் சோதிக்கும்போது சேமிப்பு சர்வர் இல்லாமலே லாகின் செய்து பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக லாகினைச் சரிபார்க்கும் பாம் வரிசையில் எம்கேஹோம்டிர் என்ற மாட்யூலைச் சேர்த்தேன். ஹோம் இல்லையென்றால் அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கும். சோதனை முடிந்ததும் எடுக்க மறந்தேன், இமேஜோடு 26 மெஷினுக்கும் போய்விட்டது. ஹோம் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்று அந்த மெஷின் அவளைத் தடுத்திருக்கும். தடுக்காதபடி செய்து வைத்தது என் கை. நெட்வொர்க் மவுண்ட் தோற்றால் மெஷின் எழும்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். அந்த வரியையும் ஸ்பிளாஷ் படத்தால் மூடி வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று.

மவுண்ட் ஏன் தோற்றது என்பதற்கு இரண்டு நாள் பிடித்தது. எல்லா மெஷினிலும் தோற்கவில்லை, ஒரே மெஷினிலும் எப்போதும் தோற்கவில்லை. கடைசியில் ரன் அடைவில் இனிட்ராம்எஃப்எஸ் விட்டுச்செல்லும் நெட் கோப்பைத் திறந்து பார்த்தேன். நல்ல மெஷினில் டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) 192.168.1.254. இதில் 192.168.1.1. அப்படி ஒரு முகவரியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் டிசிபிடம்ப்பில் டிஎச்சிபியின் 67, 68 போர்ட்களைக் கவனித்தபோது ஒரு கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்வது தெரிந்தது. பக்கத்து அறையில் யாரோ போன் பயன்பாட்டுக்காக ஒரு வைஃபை ரௌட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டை நம் கம்பியில் செருகியிருக்கிறார்கள். அதுவும் டிஎச்சிபி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் சர்வர் பிராக்ஸி டிஎச்சிபியாக மட்டும் ஓடுகிறது. முகவரியை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பூட் தகவல் மட்டும் இதிலிருந்து போகும். அதனால் ரௌட்டரிடம் முகவரி வாங்கிய மெஷினும் குறையில்லாமல் பூட் ஆனது. இமேஜை எண் முகவரியால் தேட வைத்திருந்தேன், கிடைத்தது. ஹோமை மட்டும் பெயரால் தேட வைத்திருந்தேன். அந்தப் பெயர் ரௌட்டருக்குத் தெரியாது.

செருகியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு வாரமாகப் பிள்ளைகள் வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள்: "சார், இந்த மெஷின்ல நெட் வரல", "சார், என் டெஸ்க்டாப் புதுசா இருக்கு". நான் ஒவ்வொரு முறையும் "பக்கத்து மெஷின்ல உட்காரு" என்றேன். அவர்கள் கோளாறை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். கெர்னல் திரையில் விழுந்து கதறினால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், ஒரு பிள்ளை அமைதியாகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரிசெய்தவற்றைச் சொல்கிறேன், நீ முதல் நாளே செய்துவிடு. எம்கேஹோம்டிரை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் பாம் எக்ஸெக் வழியாகச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று: ஹோம் உண்மையிலேயே மவுண்ட் பாயிண்ட்தானா என்று பார்க்கும், இல்லையென்றால் லாகினை மறுத்துவிடும். ஸ்பிளாஷை எடுத்தேன், வரிகள் ஓடட்டும். சேமிப்பு சர்வரையும் எண் முகவரியால் எழுதினேன். ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டேன், இனி நான் நம்பும் போர்ட்டைத் தவிர வேறு எங்கிருந்தும் யாரும் முகவரி கொடுக்க முடியாது.

ஒரு சின்ன விஷயம், நீ கட்டாயம் சந்திப்பாய். ஹோம் நெட்வொர்க்கில் இருக்கும்போது பிள்ளைகள் மெஷினை அப்படியே அணைத்துவிட்டு வேறொன்றில் போய் லாகின் செய்தால், குரோமியம் பிரவுசர் "இந்த ப்ரொஃபைல் இன்னொரு கணினியில் திறந்திருக்கிறது" என்று அடம்பிடிக்கும். ப்ரொஃபைலில் சிங்கிள்டன்லாக் என்றொரு இணைப்பு, பழைய மெஷினின் பெயரோடு மிச்சமிருக்கும். வேறெங்கும் அவர்கள் லாகினில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை அழித்தால் போதும். பிரவுசர் கேஷையும் (அது தற்காலிகமாகச் சேர்த்து வைப்பவை) ரேமுக்கு மாற்றிவிடு. அது ஹோமில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கம்பியில் எழுதிக்கொண்டே இருக்கும், எல்லோரும் மந்தம் என்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றேன். ரேம் என்றால் என்ன, ஓவர்லே என்றால் என்ன என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னாள், காட்டினேன். குறிப்பு நோட்டு அவளிடம் பத்திரமாக இருந்ததால் திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறாள். முதல் தடவை வந்த வாக்கியங்கள் வரவில்லை என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் லாகின் ஆனதும் முதலில் டெர்மினலைத் திறந்து ஃபைண்ட்மவுண்ட் அடிக்கிறாள். ஹோம் சர்வரிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் என்எஃப்எஸ் என்ற வரியைப் பார்த்த பிறகுதான் நோட்டைப் பிரிக்கிறாள்.

உன் பதினெட்டு மெஷின் எப்போது வருகிறது என்று எழுது. முதல் நாள் நான் அங்கே வந்து நிற்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கட்டிடத்தில் எந்தச் சுவரில் யார் எதைச் செருகியிருக்கிறார்கள் என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிடு. பழைய ஐந்து போர்ட் ஸ்விட்ச் உன்னிடம் இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதே.

அன்புடன்,
உன் பெஞ்ச்காரன்