பெல்ட்டும் விமானமும்

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி தேவலையா? நீ தடுத்தும் கேளாமல் சென்ற வாரம் டெல்லிக்கு விமானத்திலேயே போய்வந்தேன். 68 வயதில் முதல் தடவை.

சென்னையில் சோதனைக்கு நின்றிருந்த காவலர் என்னைப் பார்த்து "டேக் ஆஃப்" என்றார். விமானம் கிளம்பப்போகிறது, விரட்டுகிறார் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அவர் கழற்றச் சொன்னது பெல்ட்டை! பின்னால் நின்ற கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவன் நான்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகும் அதே நினைப்புதான். யோசித்தால் உறவு புரிகிறது. 'ஆஃப்' என்றால் ஒட்டியிருந்ததை விட்டு நீங்குவது. இடுப்பை விட்டு பெல்ட், தரையை விட்டுச் சக்கரம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் கிளம்பிப்போனாலும் அதே சொல்தான். புதுக்கடையில் வியாபாரம் சூடுபிடித்தாலும் அதுவேதான். ஆனால் ஒருவரைப் போலப் பேசி நடித்துக் காட்டுவதற்கும் அதைச் சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அது பழைய பொருள் வேறு. சாமுவேல் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில் 'டேக் ஆஃப்' என்றால் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்வது என்றுதான் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு அப்போது இன்னும் 148 வருடம் இருந்தது. இந்த மாதிரி வினைச்சொற்கள்தாம் அயல்நாட்டாருக்குப் பெரும்பாடு என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். என் பெல்ட் கதை மனிதருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்தக் கணக்கில் பார்த்தால், ஒன்பதாம் வகுப்பிலேயே நீ 'டேக் ஆஃப்' செய்தவன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கணக்கு வாத்தியாரைப் போல இழுத்து இழுத்துப் பேசினாயே! அவர் வாசலில் வந்து நின்றது உனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவர் பிரம்பை எடுத்தார்; நீ ஓட்டம் எடுத்தாய்.

பார், நம் 'எடு' மட்டும் யோக்கியமா? தீபாவளிக்குப் புடவை எடுத்தால் வாங்குவது. அந்த வீட்டில் பெண் எடுத்தால் சம்பந்தம் செய்வது. பசி எடுக்கும்போது யாரும் எதையும் எடுப்பதில்லை. என் மருமகள் வடநாட்டுப் பெண். மெனக்கெட்டுத் தமிழ் கற்கிறாள். பேரன் வாந்தி எடுத்தான் என்று நான் சொன்னதும், "எங்கிருந்து எடுத்தான்?" என்று பதறிப்போய் அவன் கையைப் பிரித்துப் பார்த்தாள்.

ஆங்கிலத்தில் இன்னொரு வம்பும் உண்டு. சட்டை என்ற சொல்லை 'டேக்', 'ஆஃப்' இரண்டுக்கும் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். 'இட்' என்று சுருக்கினாலோ நடுவில்தான் வைக்க வேண்டும். நல்லவேளை, காவலர் இலக்கணம் கேட்கவில்லை.

மருமகளுக்காக 'எடு'வுக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நினைவுக்கு வருவதை நீயும் எழுதி அனுப்பு. 'போடு' இருக்கிறதே, அதை உன் தலையில் கட்டிவிட்டேன். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்