மழையை அளக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் தாய்மாருக்கும், தமிழ் வழிப் பள்ளி அறிவியல் டீச்சர் எழுதுவது.

கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3000 மி.மீ. மழை என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நம் கிழக்குச் சித்தூரில் அதில் பாதிகூடத் தேறாதே! சரி, நாமே அளப்போம் என்று ஜூனில் இறங்கினோம். ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்திலிருந்து ஸ்கேல் ஒட்டினால் மழைமானி தயார்.

அதைத் தென்னைக்குக் கீழே வைத்தது என் தப்பு. கள் இறக்கும் அண்ணன்தான் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்: "ஏனுங் டீச்சர், மழை விட்டு அரை மணி ஆனாலும் மட்டை சொட்டுமுங்க. நீங்க அளக்கறது மழையா, மரமா?" அன்றே இடம் மாற்றினோம். நன்றி அண்ணா.

ஆடு முட்டாமல் முள் அடைத்துக் கொடுத்த தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) அக்காமாருக்கு நன்றி. ஓணம் லீவில் மானியைப் பார்த்துக்கொண்ட அம்மிச்சிக்குத் தனி நன்றி. "எழுத்துத் தெரியாது சாமி" என்றவர், தினமும் ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தில் கரிக்கோடு போட்டுக் கட்டிவைத்திருந்தார். பத்துக் குச்சி, பத்து நாள்.

பிறகு கிணறுகள். இங்கே கிணறு என்றால் பிளாச்சிமடை ஞாபகம் வராமல் இருக்காது. நிலத்தடி நீரை உறிஞ்சிய கோக்கோ கோலா ஆலைக்கு எதிராக, 2002இல் மயிலம்மாவோடு போராட்டப் பந்தலில் உட்கார்ந்த தலைமுறை இது. அந்தக் காலத்துத் தண்ணீரில் பருப்பு வேகாத கதையை ஒரு பாட்டி வகுப்பில் சொன்னார். கடின நீர் பாடத்தில் எனக்கு அப்புறம் வேலையே இல்லை.

ஆனால் எங்களைத் திணறடித்தவர் நிலக்கடலை போடும் ஒரு அப்பாருதான். "18 மி.மீ. மழை" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்ல, "எத்தனை உழவுங்க அது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். மறுநாள் காலை அவரே தன் காட்டுக்குக் கூட்டிப்போய் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் இறங்கிய ஆழத்தை விரலால் அளந்து காட்டினார். நாலு விரக்கடை. ஏர் உழும் ஆழத்துக்கு ஈரம் இறங்கினால்தான் ஒரு உழவு மழையாம். "அரை உழவுகூட இல்லீங்க." பாட்டிலுக்குத் தெரிவது விழுந்த மழை; அவர் கேட்பது வேருக்குப் போன மழை.

துலாவர்ஷத்துக்கு (வடகிழக்குப் பருவமழைக்கு) புது நோட்டு போட்டிருக்கிறோம். தேதிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு கட்டம்: மி.மீ., உழவு. இரண்டாவதை நிரப்ப அப்பாரு வரவேண்டும்.