86-ஆவது கேள்வி வந்தால் ஃபெயில் என்று யார் சொன்னது? என்கிளெக்ஸ் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

என்கிளெக்ஸ் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்க இந்தத் தேர்வு எவ்வளவு அவசியம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் நிலையங்கள் ஓடுவதே அதை நம்பித்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: தேர்வு எப்படி நடக்கும் என்பதை, இன்றைக்கு இருக்கிறபடி, முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் முடிவதில்லை. 85 கேள்விக்குப் பிறகு, பாஸா ஃபெயிலா என்று முடிவானதும் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும்; முடிவாகாவிட்டால் 150 வரை போகும். எங்கள் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி சமீபத்தில் சென்னையில் எழுதினாள். நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படித்தவள். 85 கேள்வி முடிந்ததும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, 86 வந்தது. "85-ல் நின்றால் பாஸ், தாண்டினால் கதை முடிந்தது" என்று அவளுடைய வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். எந்த வகுப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. அவ்வளவுதான், அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஃபெயில்தானே என்று மிச்சக் கேள்விகளைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. எதையோ தட்டிக்கொண்டே போய் 150-ல் முடித்திருக்கிறாள். மொத்தம் 5 மணி நேரத் தேர்வு. நேரம் தாராளமாக மிச்சம் இருந்தது.

86 வந்ததற்கு அர்த்தம், 95 சதவீத உறுதியோடு பாஸ் என்றோ ஃபெயில் என்றோ கம்ப்யூட்டரால் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை என்பதுதான். அதாவது அவள் பாஸ் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நிதானமாக எழுதியிருந்தால் தாண்டியிருக்கக்கூடும். 85-ல் நின்று ஃபெயிலானவர்களும் உண்டு, 150 வரை போய் பாஸானவர்களும் உண்டு. இது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏன் அந்த ஒரு வரியை வகுப்பில் சொல்வதில்லை?

அவள் வைத்திருந்த ஜெராக்ஸ் நோட்ஸை வாங்கிப் பார்த்தேன். அதில் 265 கேள்வி, 6 மணி நேரம் என்று இருக்கிறது. அந்தக் கணக்கு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. 2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில் குறைந்தது 85, அதிகபட்சம் 150. முதல் 85-லும் 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. அடுத்து வரப்போகிற தேர்வுகளுக்காக வைத்துப் பார்க்கிற கேள்விகள் அவை. ஒரு நோயாளியின் நர்ஸ் நோட்ஸ், லேப் ரிசல்ட் எல்லாம் கொடுத்து, அதை வைத்து ஆறு கேள்வி கேட்கும் கேஸ் ஸ்டடிகளும் உண்டு. நோட்ஸில் அதைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

பொருந்தும் விடைகள் எல்லாவற்றையும் டிக் அடிக்கச் சொல்லும் 'சாட்டா' கேள்விக்குக் கொடுத்திருக்கும் 'டிப்ஸ்' இன்னும் அருமை: தெரியாவிட்டால் எல்லாவற்றையும் டிக் அடித்துவிடு. இப்போது சரியான விடைக்கு ஒன்று கூடினால், தவறான டிக்குக்கு ஒன்று கழியும். பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் போகாது. கையில் கிடைத்த மதிப்பெண்ணையும் கரைப்பதற்கு இப்படி ஒரு டிப்ஸ்!

நாம் விடை சொல்லச் சொல்ல, அதை வைத்து நாம் சரியாகச் சொல்ல பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள அடுத்த கேள்வியாகத் தேடிக் கொடுப்பதுதான் இந்தத் தேர்வின் குணம். அதனால் நன்றாகப் படித்தவர்களுக்கும் பாதி தப்பாய்ப் போன மாதிரியே இருக்கும். கல்லூரியில் முதல் மார்க் வாங்கிய பெண் இதை அறியாமல் உள்ளே போனால் முதல் அரை மணி நேரத்திலேயே தைரியம் போய்விடும். முடித்த கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

நர்ஸிங் கல்லூரிகளையும் சும்மா விடுவதற்கில்லை. நாலு வருஷம் "வரையறு, வகைப்படுத்து" என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். நோயாளி முன்னால் நின்று யோசிக்கிற கேள்வியைப் பிள்ளைகள் முதன்முதலில் பார்ப்பதே காசு கட்டி உட்காரும் தேர்வில்தான்.

தேர்வுக் கட்டணம் 200 டாலர். இந்தியாவில் எழுத இன்னொரு 150 டாலர், அதற்கு மேல் வரி. திரும்ப எழுத வேண்டுமானால் குறைந்தது 45 நாள் காத்திருந்து இதே பணத்தை மறுபடியும் கட்ட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்திக்கு அது எத்தனை மாதச் சேமிப்பு என்று கட்டணம் வாங்கும் உங்களுக்குத் தெரியும். பாஸானவர்களின் போட்டோ போட்டு ஃபிளெக்ஸ் வைக்க இடம் இருக்கிற உங்களுக்கு, தேர்வு முறையை ஒரு தாளில் அச்சடிக்க மட்டும் இடம் இல்லையா?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வு நடத்தும் அமைப்பின் இணையதளத்தில் விதிகளும் மாதிரித் தேர்வும் காசில்லாமலே கிடைக்கின்றன. தயவுசெய்து பழைய நோட்ஸை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பேட்ச் சேரும் அன்றைக்கே, கட்டணம் வாங்குவதற்கு முன்னால், அவற்றைத் திறந்து காட்டுங்கள். 86-ஆவது கேள்வி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ்