'இல்லை' என்று எழுதுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

"இதழியல், ஊடகத் துறைக்கு நூலகர்னு பேருதாம்மா. வர்றவங்க எல்லாரும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மட்டும் கேட்டுட்டுப் போயிடறாங்க. மத்ததெல்லாம் கூகுள்லயே கிடைச்சிடுதாம்" என்று போனில் வருத்தப்பட்டாயே, அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவசரத்தில் ஏதாவது சொன்னால் வெறும் ஆறுதலாகப் போய்விடும் என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாஸ்வேர்டு கேட்கிறவர்களுக்குக் கொடு. கொடுத்துவிட்டு, "எதைத் தேடப் போறீங்க?" என்று ஒரு கேள்வி கேள். கிடைப்பதைக் கண்டுபிடிக்க இன்று நூலகர் தேவையில்லை, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். தேடலில் வராமல் போனது என்ன, ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். மற்ற துறைகளில் அது ஓர் ஆய்வேட்டின் குறையாக நின்றுவிடும். இதழியல் மாணவர் "இதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை" என்று ஒரு வரி எழுதினால், அது அச்சேறி ஆயிரம் பேர் கைக்குப் போய்விடும்.

டாசினி தீர்ப்பைப் பற்றி நீ வகுப்பில் படித்திருப்பாய். மாணவர்களிடம் அதைத் தவறாமல் சொல். ஜோனதன் டாசினியும் வேறு சில ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களும் நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பதிப்பாளர்கள் மீது வழக்குப் போட்டார்கள். பத்திரிகையில் அச்சிடத்தான் அனுமதி கொடுத்தோம், தனித்தனிக் கட்டுரையாக மின் தரவுத்தளத்தில், அதாவது டேட்டாபேஸில், போட்டு விற்க நாங்கள் சம்மதிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நியாயமான தீர்ப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பார். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து அனுமதி வாங்குவதைவிட நீக்கிவிடுவது சுலபம் என்று, ஏராளமான கட்டுரைகளைத் தரவுத்தளங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டுரைகள் அச்சுத்தாளில் இருக்கின்றன, பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளில் இருக்கின்றன, திரையில் மட்டும் இல்லை. திரையை மட்டும் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு கட்டுரை இருந்ததற்கான தடயமே பெரும்பாலும் கண்ணில் படாது.

நீக்காத இடத்திலும் ஓட்டை உண்டு. 'முழு உரை' என்று விற்கும் பல தரவுத்தளங்களில் வெறும் எழுத்து மட்டும்தான் இருக்கும். படம், கார்ட்டூன், விளம்பரம் எல்லாம் போய்விட்டிருக்கும். செய்தி முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்தில் வந்ததா, ஏழாம் பக்கத்து மூலையில் வந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. செய்தி நிறுவனங்கள் அனுப்பிய செய்திகள் பல இடங்களில் சேர்வதே இல்லை. ஊடக ஆய்வு செய்கிறவருக்கு இதெல்லாம்தானே கேள்வியே! அவரை, பத்திரிகைப் பக்கத்தை அப்படியே படமாக வைத்திருக்கும் தளத்துக்கு, இல்லையென்றால் மைக்ரோஃபிலிமுக்கு அழைத்துப் போ. அப்படிப் போகும்போது சுருள் டப்பாவைத் திறந்து மோந்து பார். பழைய அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். அடித்தால் அந்தச் சுருளை அன்றைக்கே தனியே எடுத்து வைத்து, நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லிவிடு. அதிலிருந்து வரும் அமிலம் பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும்.

பக்கப் படம் இருந்தாலும் அதற்குள் தேடிக் கொடுப்பது, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள். மை மங்கிய இடத்தில் அது தடுமாறும். வரி முடிவில் உடைந்த பெயரை இரண்டு வேறு சொற்களாக எடுத்துக்கொள்ளும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் எஃப் போலவே தோன்றும் நீள எஸ்ஸை எஃப் என்று படித்துவைக்கும். நான் எப்போதும் செய்த ஒரு காரியம் சொல்கிறேன், நீயும் செய்து பார். அந்தப் பத்திரிகையில், அந்தக் காலத்தில் வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு செய்தியை முதலில் தேடு. அதுவே வரவில்லை என்றால், அந்தத் தளம் 'இல்லை' என்று சொல்வதை நம்பி ஒரு வரிகூட எழுதக் கூடாது. மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் செய்து காட்டு. பூஜ்யம் முடிவுகள் என்று திரையில் வந்ததும், கையில் அச்சுப் பிரதியை வைத்திருக்கும் அந்தப் பிள்ளையின் முகம் மாறும் பார், அதற்கப்புறம் நீ எதையும் விளக்கவே வேண்டாம்.

அடுத்தது, அந்தந்தக் காலத்துச் சொல். எய்ட்ஸ் பற்றிய முதல் செய்திகளைத் தேடுகிற மாணவர் 'எய்ட்ஸ்' என்று போட்டால் 1981இல் ஒன்றுமே வராது. அந்த வருடம் ஜூன் மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது, ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஓர் அபூர்வ நிமோனியா பற்றிய குறிப்பு. ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது ஓர் அபூர்வப் புற்றுநோய் பற்றி. எய்ட்ஸ் என்ற பெயரை அந்த மையம் பயன்படுத்தத் தொடங்கியதே 1982இல்தான். முதல் உலகப் போருக்கும் அப்படித்தான். இரண்டாவது வரும் என்று தெரியாத காலத்தில் அது வெறும் 'பெரும் போர்'. அன்றைய நிருபர் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்திருப்பார் என்று யோசிக்கச் சொல்லிக் கொடு. நம் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தொலைக்காட்சிச் செய்தி இன்னும் மோசம். அமெரிக்க நிறுவனங்கள் ஒளிபரப்பிய செய்திகளைச் சில வாரங்களில் அழித்துவிட்டு, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தன. பால் சிம்ப்சன் என்ற காப்பீட்டுத் துறைக்காரர் இதைத் தற்செயலாகத் தெரிந்துகொண்டு, தான் படித்த வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைப் பிடித்துத் தொந்தரவு செய்தார். 1968 ஆகஸ்ட் 5 முதல் அங்கே மாலைச் செய்திகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். 1973இல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் வழக்குப் போட்டது. பல்கலைக்கழகம் அசையவில்லை. 1976இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தில், நூலகங்கள் செய்தி ஒளிபரப்பைப் பதிவு செய்து வைக்கலாம் என்று ஒரு பிரிவே சேர்ந்தது, வழக்கும் போய்விட்டது. முன்பு நூலகராக வேலை பார்த்த மேரியன் ஸ்டோக்ஸ் பிலடெல்பியாவில் தன் வீட்டிலேயே இருபத்து நாலு மணி நேரமும் செய்திகளைப் பதிவு செய்தார், 2012இல் இறக்கும் வரை. அந்த நாடாக்கள் இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்திடம் இருக்கின்றன. யாரோ பிடிவாதமாக உட்கார்ந்து சேர்த்ததால்தான் நம் மாணவர்கள் இன்று அவற்றைப் பார்க்க முடிகிறது. சேர்க்க ஆளில்லாமல் போனவற்றை யாராலும் பார்க்க முடியாது.

இணையப் பக்கம் நிலையானது என்று நினைக்கிற பிள்ளைகளிடம் ஒரு கணக்கைச் சொல்: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. இருக்கும் பக்கத்திலும் தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். அதனால் குறிப்பெடுக்கும்போதே வலைப்பக்கங்களின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமிக்கச் சொல். அப்புறம் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரே பக்கத்தில் தெரியும் எழுத்து ஒரு நாள் பிடித்ததாகவும், படம் வேறொரு நாள் பிடித்ததாகவும் இருக்கலாம்.

ஒரு தளம் தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் இதே கணக்கில்தான் வரும். ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்க், மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பினரையும் உட்கார வைத்துச் சில தளங்களைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு தரப்பிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் படித்து, லோகோவையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே வேறு டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதலாண்டு வகுப்பில் உனக்கு ஒரு மணி நேரம்தான் கொடுப்பார்கள் என்றால், அதை முழுக்க இதற்கே செலவிடு. தரவுத்தளப் பட்டியலை ஒப்பித்துக் காட்டாதே, யாருக்கும் நினைவிருக்காது.

உன் மேசைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவருக்கு மாலைக்குள் செய்தி கொடுக்க வேண்டும். இன்னொருவருக்குப் பத்து வருடச் செய்திகளை அலச வேண்டும். முதலாமவரிடம் நிதானமாகப் பாடம் நடத்தாதே. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இலேயே நம் நூலக அறிஞர் ரங்கநாதன் தன் ஐந்து நூலக விதிகளில் நான்காம் விதியாக எழுதிவைத்தார், கெடு நெருங்கிய நாளில் அதுதான் முதல் விதி. இரண்டாமவர் அவசரப்படுவார், அவரை நீதான் நிறுத்த வேண்டும். ராத்திரி முழுக்க ஒரு கணினி நிரலை ஓடவிட்டு ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை இறக்குவார், காலையில் பார்த்தால் பல்கலைக்கழகம் முழுவதற்கும் அந்தத் தரவுத்தளம் பூட்டிக் கிடக்கும். தரவுத்தள நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மொத்தமாக இறக்கத் தடை இருக்கிறதா, உரைப் பகுப்பாய்வுக்குத் தனி அனுமதி கேட்கலாமா என்று முன்னாலேயே பார்த்து வை. பல சமயம் அவ்வளவு தேவையே இருக்காது. வருடம் முழுவதிலிருந்தும் குலுக்கலில் ஒரு திங்கள், ஒரு செவ்வாய் என்று எடுத்துச் சேர்க்கும் 'கட்டமைத்த வாரம்' முறையைச் சொல். நாளிதழின் ஓராண்டுக்கு அப்படி இரண்டு வாரங்கள் போதும் என்று 1993இல் ஓர் ஆய்வு காட்டியது.

அலமாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புத்தகங்களைப் பாடவாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறையை உருவாக்கிய டியூயி இவர்கள் பாடத்தைச் சிதறடித்து வைத்திருக்கிறார்: இதழியல் 070, வெகுஜன ஊடகம் 302.23, சினிமா 791.43. புதிதாக வருகிறவர்களை மூன்று இடத்துக்கும் ஒருமுறை கூடவே நடத்திக் கூட்டிப்போ.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. யார் எதைத் தேடினார்கள் என்று உன் வாயிலிருந்து வரவே கூடாது. ஒரே செய்தியைத் துரத்தும் இரண்டு மாணவர்கள் அடுத்தடுத்து உன்னிடம் வருவார்கள். ஒருவர் பல்கலைக்கழகத்தின் கணக்குவழக்கையே தோண்டிக்கொண்டிருக்கலாம், துறைத் தலைவரே வந்து சாதாரணமாக விசாரிப்பது போல விசாரிக்கலாம். தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்காதே என்று வகுப்பில் கற்கிற பிள்ளைகள், தங்கள் தேடலும் பத்திரமாக இருக்கிறது என்று உன்னை நம்பித்தான் உட்காருகிறார்கள். மேசையில் கிறுக்கிய தாளைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திரு.

அடுத்த வாரம் பேராசிரியர்களைப் பார்க்கப் போவதாகச் சொன்னாயே. போகும்போது நூலகச் சேவைகள் என்ற அந்தத் துண்டறிக்கையைக் கொண்டுபோகாதே. அவர்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சித்தாள்களைக் கேட்டு வாங்கு, கெடு தேதியோடு. ஒவ்வொன்றையும் நீயே ஒருமுறை செய்து பார், எந்த இடத்தில் தேடல் கைவிடுகிறது என்று குறித்துக்கொள். முடியாத பயிற்சி இருந்தால் பேராசிரியரிடம் தனியே சொல், தாளை மாற்ற அவர்களுக்கு நேரம் இருக்கும்போதே சொல். அந்தத் தாள்களை எனக்கும் அனுப்பு. இங்கிருந்தே நானும் தேடிப் பார்த்து, எனக்கு வராததை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா