அலையில்லாத கடலில் நின்றபோது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, பார்வையாளரைச் சுற்றித் திரையும் ஒலியும் நிறைத்துவிட்டால் அவர் நெகிழ்ந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருந்தது. பாம்பன்காரனாகிய எனக்கு அதில் உடன்பாடில்லை.

2017 தொடக்கத்தில், கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சியில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீட்டாவின் ‘வேதனையின் கடல்’ என்னும் படைப்பைக் கண்டேன். அதற்குள் நடந்தேன் என்பதே சரி. பழைய கிடங்கொன்றில் கடல்நீரைத் தேக்கியிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கச் சுவர்களில் இருந்த கேள்வி வரிகளை வாசித்தபடி மறுகோடிக்குச் சென்றால், சிரியச் சிறுவன் ஆலன் குர்தியோடு கடலில் மூழ்கிய அவன் அண்ணன் காலிப்பைப் பற்றிய கவிதை அங்கே காத்திருந்தது. கடலில் கால் வைத்தால் அலை தள்ளும், அடிமணல் அரிக்கும் என்பது எங்கள் கால்களுக்குச் சிறுவயதிலேயே பழகிய பாடம். அந்த நீரோ அசையவே இல்லை. கவிதையை எட்டுமுன்னரே ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று என் உடம்பு அறிந்துகொண்டது. உடன்வந்த மதுரை நண்பருக்கு அதுவரை குளிர்ச்சிதான் தெரிந்ததாம். அவரவர் கொண்டுவரும் நினைவோடு சேர்ந்துதான் ஓர் அறை வேலை செய்கிறது என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

இதற்கு இன்னொரு சான்று: லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2003இல் கலைஞர் ஓலாஃபர் எலியாசன் அமைத்த சூரியன் அரைவட்டமே. கூரைக் கண்ணாடிதான் அதை முழுவட்டமாக்கியது. மஞ்சள் ஒளி மற்ற நிறங்களை விழுங்கிவிட, மக்கள் தரையில் மல்லாந்து படுத்து, மேலே தங்கள் பிம்பத்தைத் தேடினார்கள். இத்தனைக்கும் அருகே சென்றவர்களுக்கு விளக்குகள் மறைவின்றித் தெரிந்தன.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலை ஒலி-ஒளிக் காட்சியாக்க வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. சிதைந்த தேவாலயச் சுவர்களுக்குள் சற்று நேரம் பேசாமல் நின்றால், நாங்கள் ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடாவின் இரைச்சல் ஒரு காதிலும், பெண்கடல் என்னும் மறுபுறக் கடலின் அமைதி மறுகாதிலும் விழும். ஒலிபெருக்கியில் புயலை ஓடவிட்டால் முதலில் அமுங்குவது இவை இரண்டும்தான். கலைஞர்களை அழைப்பதாயின், ஒரு வாடைக்காலம் முழுவதும் அவர்களை இங்கே தங்கவைத்துவிட்டு, அதன்பின் என்ன அமைக்கலாம் என்று கேட்பதே முறை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்